நாளொன்றுக்கு மூன்று

மாவடிப்பள்ளி வயலில் பக்கீர் போடியாரைச் சுட்டது பட்டப்பகலில். அறுவடை மெசின் ஓடிக்கொண்டிருந்த இரைச்சலில் வெடிச்சத்தம் அடுத்த வரப்புக்குக்கூடக் கேட்கவில்லை. வாய்க்கால் தண்ணீர் சிவந்து வருவதைக் கண்டு மேலே ஏறிப்போன கூலியாட்கள்தான், வரப்பில் குப்புற விழுந்து கிடந்த அவரை முதலில் பார்த்தார்கள். முதுகிலும் பிடரியிலும் வெடி பட்டிருந்தது. அவருடைய சொந்த உழவு மெசின் பெட்டியில் வைக்கோலைப் பரப்பி, அதிலேயே கிடத்திச் சாய்ந்தமருதுக்குக் கொண்டுவந்தார்கள்.

அது 2009 மாசி மாதம். வன்னியில் யுத்தம் முடிவை நெருங்கிக்கொண்டிருந்தது. கிழக்கில் எல்லாம் முடிந்துவிட்டது என்று ரேடியோவில் சொல்லி ஒன்றரை வருடமாகியும், யார் கையில் துவக்கு இருக்கிறது, யார் யாருக்காகச் சுடுகிறார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. பொலிஸார் வந்தார்கள், வெற்றுத் தோட்டாக்களைப் பொறுக்கிப் பையில் போட்டார்கள், போனார்கள்.

பெரிய வயற்காரரான பக்கீர் போடியார் ஸுலைஹாவின் உம்மாவோடு கூடப்பிறந்தவர். வாப்பா இல்லாத வீட்டில் ஸுலைஹாவையும் தம்பி றஸாக்கையும் வளர்த்து ஆளாக்கியவர் அவர்தான். றஸாக்குக்குத் தன் மகளையே முடித்தும் கொடுத்தார். ஜனாஸாவைத் தூக்கியபோது றஸாக் முன்னால் தோள் கொடுத்தான். அவன் அழவில்லை. அவன் தாடை இறுகியிருந்த விதத்தைப் பார்த்து ஸுலைஹா பயந்தாள்.

அவளுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். தனியார் வகுப்பொன்றில் கொம்பியூட்டர் படிப்பித்துக்கொண்டிருந்தாள். சுனாமி அவளுடைய கணவனையும் மகனையும் ஒரே காலையில் கொண்டுபோனது. அதற்குப் பிறகு அவள் செய்த ஒரே பெரிய காரியம் ‘கரையோரம்’ என்ற இணையத்தளம். யாரும் எழுதலாம், யாரும் பதில் போடலாம் என்ற உரையாடல் தளம். ஆளைக் காணவில்லை, ஆள் கிடைத்திருக்கிறது, இந்தப் பிள்ளை யாருடையது என்று அகதி முகாம்களிலிருந்து படங்களை எடுத்து அவள் போடுவாள். கட்டாரிலும் சவூதியிலும் லண்டனிலும் இருந்த ஊராட்கள் பார்ப்பார்கள்.

ஒவ்வொரு பதிவின் கீழும் ‘மேலேற்று’ என்று ஒரு விசை இருந்தது. அதிகம் பேர் அழுத்தினால் அந்தப் பதிவு முதல் பக்கத்துக்கு ஏறும். ஊர் வாயில் அதற்கு ‘ஏத்துற’ என்று பெயர். ஆரம்பத்தில் எல்லை ஒன்றும் இருக்கவில்லை. ஒருவரே விடிய விடிய அழுத்திக்கொண்டிருக்கலாம். கட்டாரில் ஒரு பெரிய குடும்பம் தங்கள் வீட்டுக் காணிப் பிரச்சினையை அப்படித்தான் நாட்கணக்காக ஏத்திக்கொண்டிருந்தது. அந்த நாட்களில் அடியில் அமிழ்ந்துபோன பதிவுகளில் ஒரு சிறுமியின் படமும் இருந்தது. பள்ளிக்கூட முகாமில் ஒரு தாதி எடுத்துக் கொடுத்த படம். சவூதியிலிருந்த அந்தப் பிள்ளையின் வாப்பா அதைக் கண்டுபிடித்து ஓடிவந்தபோது, காய்ச்சலில் அவள் மௌத்தாகி அடக்கமும் செய்தாகிவிட்டது. அவர் ஸுலைஹாவின் வீட்டு வாசலில் நின்று ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போனார்.

அடுத்த நாள் அவள் எல்லை வைத்தாள். ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று ஏற்றம். ஒரு பதிவுக்கு ஒரு தடவை மட்டும். புதிதாகச் சேர்ந்தவர் ஒரு கிழமை காத்திருக்க வேண்டும். ஏசினார்கள், முறையிட்டார்கள். அவள் இறங்கவில்லை. ஏசியவர்களே பிறகு அந்த முதல் பக்கத்தை நம்பத் தொடங்கினார்கள். அங்கே ஒன்று ஏறியிருந்தால், பல பேர் தங்கள் மூன்றில் ஒன்றை அதற்கென்று ஒதுக்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

கட்டாரிலிருந்து திரும்பி வந்து பிரதான வீதியில் இன்டர்நெட் கடை திறந்த றஸாக், ஒவ்வொரு நாளும் அந்த முதல் பக்கத்தை அச்சடித்துக் கடைக் கதவில் ஒட்டுவான். கொம்பியூட்டரைத் தொட்டே அறியாதவர்களும், சந்தைக்கு வருகிறவர்களும், பஸ்ஸுக்கு நிற்பவர்களும் அதை வாசித்துவிட்டுப் போவார்கள்.

மாமாவை அடக்கிய மறுநாள் அந்தப் பதிவு வந்தது. டோஹாவிலிருந்து ‘நேர்வழி’ என்ற பெயரில் ஒருவன் எழுதியிருந்தான்.

“பக்கீர் போடியாரைக் காட்டிக்கொடுத்தவன் பாண்டிருப்பு மீன்கார கதிர்காமன். சுடுவதற்குக் கொஞ்ச நேரத்துக்கு முன் அவன் மோட்டார் சைக்கிளில் வந்து வயற்கட்டில் நின்று போடியாரோடு கதைத்ததைக் கண்ட சாட்சி இருக்கிறது. அவன் போனான், துவக்குக்காரர் வந்தார்கள். உணர்வுள்ளவர்கள் மேலேற்றுங்கள்.”

கண்ட சாட்சி முகைதீன்பாவா. பக்கீர் போடியாரின் வயலில் முப்பது வருடமாக வேலை செய்த ஆள். வடக்கே தமிழ் ஊரான பாண்டிருப்பிலிருந்து மீன் கொண்டுவரும் கதிர்காமனைக் கண்டது மெய்தான். கண்டதை அவர் மய்யித்து வீட்டில், சாவுக்கு வந்தவர்களிடம் அழுதழுது சொன்னார். கேட்ட யாரோ டோஹாவுக்கு ரெலிபோனில் சொன்னார்கள். போய்ச் சேர்வதற்குள் ‘கதைத்தான்’ என்பது ‘காட்டிக்கொடுத்தான்’ என்று ஆகியிருந்தது.

ஸுலைஹா அந்தப் பதிவை அழித்தாள். ஒரு மணித்தியாலத்தில் வேறு பெயர்களில் அது திரும்பி வந்தது. ‘கரையோரம் கொலைகாரனை மறைக்கிறது’ என்று இம்முறை தலைப்பும் சேர்ந்திருந்தது. இன்னும் அழித்தால் இன்னும் வரும் என்று விளங்கியது. விட்டுவிட்டாள். எல்லை இருந்தபடியால் அது மெல்லத்தான் ஏறியது. அன்று பொழுதுபட இரண்டாம் பக்கத்தில் நின்றது.

மறுநாள் மதியம், லுஹர் தொழுகைக்குப் பிறகு றஸாக் வந்தான். செருப்பைக் கழற்றாமல் உள்ளே வந்தான்.

“ராத்தா, அந்த மூணு கணக்க இண்டைக்கு மட்டும் எடுத்து உடுங்க.”

“எதுக்கு?”

“மாமாவக் கொலை செஞ்சவன்ட பேர் ரெண்டாம் பக்கத்துல கிடக்கு. முதல் பக்கத்துல ஏறினாத்தான் நான் அடிச்சி ஒட்டலாம். ஊர் பார்க்கணும்.”

“கதிர்காமன் அண்ணன் கொண்டத்த ஆரு கண்ட?”

“முகைதீன்பாவா கண்டிரிக்காரு.”

“அவர் கதைச்சத்தக் கண்டாரு. கொண்டத்தக் காணல்ல.” அவள் கதிரையை அவன் பக்கம் தள்ளினாள். “இரி மனே. நீ அப்ப கட்டார்ல. ஒனக்குத் தெரியா. கடல் வந்த அண்டு மாமா மெசின எடுத்துக்கு வந்தாரு. மய்யித்த ஏத்துறதுக்கு ஒருத்தன் கிட்ட வரல்ல. கதிர்காமன் அண்ணன்தான் வந்த. அவர்ட மூத்த மகனக் கடல் கொண்டுபோய்க் கிடக்கு. அதத் தேடாம நம்மட ஆக்கள அள்ளி அள்ளிப் பெட்டியில வெச்சாரு. என்ட புருசன அவங்க ரெண்டு பேரும்தான் தாழம்பத்தைக்குள்ள இருந்து எடுத்த. அண்டைக்கு இருந்து மாமாவும் அவரும் ஒரு கோப்பையில தேத்தண்ணி குடிச்ச ஆக்கள்.”

“அது அப்ப,” என்றான் றஸாக். “இப்ப அவங்கட ஆக்கள்ட கையில துவக்கிரிக்கி. துவக்கக் கொண்டு வந்து வெச்சி, காட்டு எண்டா ஆரும் காட்டுவான். கணக்க எடுங்க.”

“எடுக்க மாட்டன். உன்ட மாமாவுக்கு எண்டு இண்டைக்கு எடுத்தா, நாளைக்கு இன்னொருத்தன் வருவான்.”

“என்ட மாமா இல்ல. நம்மட மாமா!”

அடுத்ததை அவள் எதிர்பார்க்கவில்லை. கன்னத்தில் அறை விழுந்து தலை சுவரில் மோதியது. காதுக்குள் கூவியது. அவளைவிட ஏழு வயது இளையவன், அவள் இடுப்பில் தூக்கித் திரிந்தவன், கையை ஓங்கியபடி இன்னும் நின்றுகொண்டிருந்தான். பிறகு தன் கையைத் தானே பார்த்துவிட்டு வெளியே போனான்.

அவள் வாயில் ஊறிய இரத்தத்தைத் துப்பினாள். முகத்தைக் கழுவிவிட்டு வந்து கொம்பியூட்டரின் முன் உட்கார்ந்தாள். பதிவு ஏறிக்கொண்டே இருந்தது. எல்லையை யாரும் மீறவில்லை. ஆனால் எல்லோரும் தங்கள் மூன்றில் ஒன்றை அதற்குத்தான் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இப்படியே போனால் பின்னேரம் அஸர் தொழுகைக்குள் முதல் பக்கம்.

அவள் தானும் ஒரு பதிவு எழுதினாள். றஸாக்கிடம் சொன்னதையெல்லாம் எழுதினாள். தன் சொந்தப் பெயரைப் போட்டாள். மாமாவும் கதிர்காமனும் எந்தெந்த இடத்தில் யார் யாரை எடுத்தார்கள் என்பதை, அந்தக் குடும்பங்களுக்குத் தெரியக்கூடியதாக எழுதினாள். போட்டுவிட்டுக் காத்திருந்தாள். இரண்டு பேர் ஏத்தினார்கள். பிறகு இன்னொருவர். கீழே பதில் வந்தது: ‘மாமாவின் இரத்தம் காயவில்லை, இவள் யாருக்கு வக்காலத்து வாங்குகிறாள்?’ மற்றப் பதிவு இதற்கிடையில் முதல் பக்கத்தின் அடியைத் தொட்டிருந்தது.

தளத்தை நடத்துகிறவள் என்ற முறையில் எண்களை மாற்ற அவளால் முடியும். நான்கு வருடத்தில் ஒரு தடவைகூட அவள் அதைத் தொட்டதில்லை. தன் மகனின் படத்தைப் போட்டிருந்த நாட்களில்கூடத் தொடவில்லை. இப்போது தொட்டாள். தன் பதிவின் கீழிருந்த எண்ணை அழித்து, அங்கே ஒரு பெரிய எண்ணைப் போட்டாள். பதிவு ஒரேயடியாகப் பாய்ந்து முதல் பக்கத்தின் உச்சியில் போய் நின்றது.

மனம் ஆறியது. மெய்யைத்தானே மேலே வைத்தோம் என்று நினைத்தாள். எழும்பி, தொழுகைக்குக் கைகால் கழுவி வுழூச் செய்யப் போனாள்.

அவள் தொழுது முடிப்பதற்குள் டோஹாக்காரன் கண்டுபிடித்துவிட்டான். ‘இப்போது தளத்தில் இருப்பது இருபது முப்பது பேர். நான் ஒரு தேநீர் குடித்து வருவதற்குள் இந்தப் பதிவுக்கு இருநூறு பேர் எங்கிருந்து வந்தார்கள்? நமக்கு மூன்று, அவளுக்கு எண்ணிக்கை இல்லையா? கொலைகாரனைக் காப்பாற்றக் கள்ளக் கணக்கு!’ அந்தப் பதிவை ஏத்த யாரும் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அதுவரை பேசாமலிருந்தவர்கள், கதிர்காமனின் கதையை நம்பாமலிருந்தவர்கள், அவளுக்கு ஸலாம் சொல்லி எழுதுகிறவர்கள், எல்லோரும் ஏத்தினார்கள்.

றஸாக்கின் கடையில் பொடியன்கள் நிறைந்திருந்தார்கள். அவன் அந்தப் பக்கத்தை அச்சடித்துக் கதவில் ஒட்டினான். அஸர் தொழுதுவிட்டுப் பள்ளியிலிருந்து வந்தவர்கள் நின்று வாசித்தார்கள். வாசிக்கத் தெரியாத முகைதீன்பாவாவுக்கு ஒருவன் சத்தமாக வாசித்துக் காட்டினான்.

“கள்ளக் கணக்கா?” என்று கேட்டார் அவர். “அப்ப நான் சொன்னது பொய் எண்டா அந்தப் புள்ள சொல்லுறா?”

“ஓம்,” என்றான் றஸாக். “நீங்க பொய்யாம். கதிர்காமன் மெய்யாம்.”

கிழவர் மடியிலிருந்த வெட்டுக்கத்தியை எடுத்து வேட்டி மடிப்புக்கு வெளியே செருகிக்கொண்டார். கூட்டம் அவர்களுக்குப் பின்னால் நகர்ந்தது.

முதலில் ஸுலைஹாவின் வீடு. கேற்றை உதைத்துத் திறந்தார்கள். தொழுத பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்வதற்குள் அறை நிறைய ஆட்கள். யாரோ கொம்பியூட்டர் திரையைத் தூக்கி நிலத்தில் அடித்தான். கண்ணாடி நாலாபுறமும் தெறித்தது. இன்னொருவன் பெட்டியை அலவாங்கால் குத்திப் பிளந்தான். அவள் றஸாக்கைத் தேடினாள். அவன் வாசற்படியில் நின்றான்.

“றஸாக், சொல்லுடா இவங்களுக்கு!”

“என்னத்தச் சொல்ற? நீங்கதான் ஒரு சட்டத்த வெச்ச. ஊரெல்லாம் அதுக்கு அடங்கி நடந்திச்சி. நீங்க நடக்கல்ல.” அவன் தெருப் பக்கம் திரும்பினான். “அப்ப இனி ஆருக்கும் சட்டமில்ல.”

வெளியே போக விடாமல் அவள் அவன் சேர்ட்டைப் பிடித்தாள். அவன் உதறினான். அவள் விடவில்லை. அவன் அவளது வலக்கையை நிலையோடு வைத்துக் கதவை அறைந்தான். எலும்பு முறிந்த சத்தம் இரண்டு பேருக்கும் கேட்டது. அவள் அலறியபடி சரிந்தாள். “பாண்டிருப்புக்கு!” என்று யாரோ கத்தினான். “பாண்டிருப்புக்கு!” என்று தெரு முழுக்கக் கத்தியது. மோட்டார் சைக்கிள்கள் உறுமின. ஒரு லொறியும் போனது.

கையை மார்போடு அணைத்துக்கொண்டு, அவள் பின்வேலியால் புகுந்து அடுத்த ஒழுங்கையிலிருந்த மாமாவின் வீட்டுக்கு ஓடினாள். ஏன் அங்கே ஓடினாள் என்று அவளுக்கே தெரியாது. அழுவதற்கு வேறு வீடு அவளுக்கு இல்லை.

மாமி ஆமினா உம்மா உள்ளறையில் வெள்ளையுடுத்து இத்தாவில் இருந்தாள். கணவன் மௌத்தான பெண் நாலு மாதமும் பத்து நாளும் வெளியே வராமல், அந்நிய ஆணின் கண்ணில் படாமல் இருக்க வேண்டும். மய்யித்து வீட்டுக்கு வந்த பெண்கள் குர்ஆனும் கண்ணீருமாகப் போனார்களே தவிர, ஊரில் என்ன கதை நடக்கிறதென்று அவளிடம் யாரும் சொல்லவில்லை.

“என்னடி இது கை? ஆரு செஞ்ச?”

“றஸாக். மாமி, கதிர்காமன் அண்ணனக் கொல்லப் போறாங்க. அவர்தான் மாமாவக் காட்டிக் குடுத்த எண்டு...”

“ஆரு? மீன்கார கதிர்காமனா?” ஆமினா உம்மா எழும்பி நின்றாள். “அந்த ஆள் அந்நேரம் நம்மட குசினி வாசல்லயெல்லுவா இருந்தாரு! போடியார்தான் வயல்ல கண்டு அனுப்பின, சூரை மீன் நல்லாரிக்கி, வீட்ட குடுத்துட்டுப் போ எண்டு. நான் சட்டியக் கொண்டு வந்து குடுக்கக்குள்ளதான் போன் வந்த, வெடி வெச்சிட்டாங்க எண்டு. அந்த மனிசன் அந்தப் படியில இருந்து தலையில அடிச்சி அழுதாரு. நாந்தான் சொன்ன, நம்மட ஆக்கள் கூடிருவாங்க, நீங்க பின்னால போயிருங்க எண்டு.”

“ஏன் மாமி ஆருக்கும் சொல்லல்ல?”

“என்னட்ட ஆரு கேட்ட?”

ஸுலைஹா தன் பதிவில் எழுதாத ஒன்று அதுதான். அவளும் கேட்டிருக்கவில்லை. மூன்று நாளாக இந்த வீட்டுக்கு வந்து போனவள், மாமியிடம் ஒரு வார்த்தை கேட்காமல், நாலு வருடத்துக்கு முந்திய கதையை எழுதிக்கொண்டிருந்தாள்.

ஆமினா உம்மா தலைத்துணியை இழுத்துப் போர்த்தாள். வாசலுக்கு வந்தாள். மகள் ஓடிவந்து மறித்தாள். “உம்மா, இத்தாவில இரிக்கிங்க!”

“அல்லா என்னட்டக் கேக்கட்டும், நான் சொல்லிக்கிறன். ஓட்டோவக் கூப்புடு.”

பாண்டிருப்புக் கடற்கரையை அவர்கள் அடையும்போது புகையைத்தான் முதலில் கண்டார்கள். கதிர்காமனின் தோணி எரிந்துகொண்டிருந்தது. மீன்வாடிக் குடிசையின் ஓலைக்கூரை பற்றி வலைகளில் நெருப்பு இறங்கி, நைலோன் உருகிச் சொட்டியது. மீன்பெட்டியோடு மோட்டார் சைக்கிள் மணலில் கவிழ்ந்து கிடந்தது. பக்கத்து வாடிகளிலிருந்த ஆட்கள் ஊருக்குள் ஓடிவிட்டார்கள். குஞ்சம்மா மட்டும் ஓடவில்லை. கதிர்காமனின் மனைவி அவள். ஒரு துடுப்பை இரண்டு கையாலும் பிடித்துச் சுழற்றி, கிட்ட வந்தவனையெல்லாம் அடித்துக்கொண்டிருந்தாள். ஒருவனுடைய மண்டை உடைந்திருந்தது. இன்னொருவன் பின்னால் வந்து அவள் கொண்டையைப் பிடித்து இழுத்து விழுத்தினான்.

கூட்டத்தின் நடுவில் கதிர்காமன் முழங்காலில் இருந்தான். தலையிலிருந்து வழிந்த இரத்தத்தில் அவன் கண்கள் மூடிப்போயிருந்தன.

“பாவாக் காக்கா, உங்களுக்கு என்னைத் தெரியும்தானே,” என்று அவன் முகைதீன்பாவாவின் குரல் கேட்ட பக்கம் திரும்பிச் சொன்னான். “போடியார் என்ட தெய்வமல்லோ. மீனத்தான் குடுக்கப் போன. ஒரு சொல்லு கேளுங்க.”

“என்ட கண்ணால கண்டன்டா!” என்று முகைதீன்பாவா அழுதபடி கத்தினார். அழுதபடிதான் வெட்டினார். முதல் வெட்டு, தடுக்கத் தூக்கிய கையில் விழுந்தது. அடுத்தது தோளில். கதிர்காமன் முன்னால் விழுந்தான். றஸாக் குஞ்சம்மாவிடமிருந்து பறித்த துடுப்பால் அவன் முதுகிலும் தலையிலும் அடித்தான். ஓங்கி ஓங்கி, எண்ணிக்கை இல்லாமல் அடித்தான். சுற்றி நின்றவர்களில் சிலர் உதைத்தார்கள். சிலர் ரெலிபோனில் படம் பிடித்தார்கள்.

“மனே றஸாக்!”

வெள்ளைப் புடவையைக் கண்டதும் வெளியே நின்றவர்கள் விலகினார்கள். இத்தாவிலிருக்கும் பெண் கடற்கரை மணலில் நடந்து வருவதை அவர்கள் யாரும் கண்டதில்லை. சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஆமினா உம்மா நேரே நடந்து போய், கதிர்காமனின் மேல் குனிந்து, அவனை மறைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“என்னையும் அடி. அடிடா.”

றஸாக்கின் கையில் துடுப்பு தலைக்கு மேலே நின்றது.

“இந்த மனிசன் என்ட குசினிப் படியில இருந்தாரு, உன்ட மாமனாருக்கு வெடி வெக்கக்குள்ள! மீன நான் கையால வாங்கின. விளங்குதா? என்ட கையால!” அவள் குரல் கூட்டத்தின் கடைசிவரை கேட்டது. “ஆரு கொண்ட எண்டு எனக்குத் தெரியா. இவர் இல்ல. வீட்ட வந்து என்னட்ட ஒருத்தன் கேட்டீங்களாடா? பேப்பர்ல ஒட்டினா மெய்யா?”

முகைதீன்பாவா கத்தியைப் பார்த்தார். பிறகு கதிர்காமனின் கையைப் பார்த்தார். நின்ற இடத்திலேயே மணலில் குந்திவிட்டார். கூட்டம் ஓரத்திலிருந்து கரையத் தொடங்கியது. மோட்டார் சைக்கிள்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின.

“நான்... எனக்குத் தெரியா மாமி,” என்றான் றஸாக்.

ஆமினா உம்மா எழும்பி அவன் முகத்தில் அறைந்தாள். பிறகு, “தூக்கு,” என்றாள். அவன்தான் கதிர்காமனைத் தூக்கி ஓட்டோவில் வைத்தான். அவன் சேர்ட் முழுக்க நனைந்தது. குஞ்சம்மா ஏறி, கணவனின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். ஸுலைஹா முறிந்த கையோடு முன்னால் சாரதிக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டாள்.

“தண்ணி,” என்றான் கதிர்காமன் ஒரு தடவை. ஓட்டோவில் தண்ணீர் இருக்கவில்லை. ஆசுபத்திரி வாசல் விளக்கு தெரிகிற தூரத்தில் குஞ்சம்மா குரல் எடுத்து அழத் தொடங்கினாள்.

அதோடு நிற்கவில்லை. அன்று மாலையே, பழிக்குப் பழியாக, பிரதான வீதியில் பஸ்ஸொன்றை மறித்து, நிந்தவூருக்குப் போய்க்கொண்டிருந்த இரண்டு முஸ்லிம் ஆட்களை இறக்கி வெட்டி வடிகானுக்குள் போட்டார்கள். பக்கீர் போடியார் யாரென்றோ கதிர்காமன் யாரென்றோ தெரியாத யாவாரிகள் அவர்கள். மறுநாள் காலை றஸாக்கின் கடைக்குள் குண்டு வீசினார்கள். கதவும், கதவில் ஒட்டியிருந்த காகிதங்களும், கொம்பியூட்டர்களும் எரிந்தன. தெருவுக்குத் தெரு இராணுவம் வந்து நின்றது. ஊரடங்குச் சட்டம் போட்டார்கள். கிழமைக்கணக்காகத் தமிழ் ஆட்கள் தெற்கே வரவில்லை, முஸ்லிம் ஆட்கள் வடக்கே போகவில்லை. கடல் மீன் இல்லாமல் சந்தை நாறாமல் கிடந்தது.

கைக்குக் கட்டுப் போட்ட அன்றே ஸுலைஹா பொலிஸில் வாக்குமூலம் கொடுத்தாள். யார் யார் தன் வீட்டுக்கு வந்தார்கள், கடற்கரையில் யார் கையில் என்ன இருந்தது என்று சொன்னாள். தம்பியின் பெயரை முதலில் சொன்னாள். முகைதீன்பாவா தானாகவே போய்ச் சரணடைந்தார். றஸாக்கை நிந்தவூரில் ஒரு கூட்டாளியின் வீட்டில் பிடித்தார்கள். அவன் மனைவி ஸுலைஹாவின் வீட்டு வாசலில் வந்து நின்று மண்ணை அள்ளித் தூற்றிவிட்டுப் போனாள். பக்கீர் போடியாரைச் சுட்டவர்கள் யாரென்று பொலிஸார் கடைசிவரை கண்டுபிடிக்கவில்லை.

படிப்பிக்கும் இடத்துக் கொம்பியூட்டரில் இடக்கையால் தட்டி அவள் தளத்தைத் திறந்தாள். அந்தப் பெரிய எண்ணைத் தானே போட்டதாக எழுதினாள். பிறகு ‘மேலேற்று’ விசையையே எடுத்துவிட்டாள். பதிவுகள் வந்த வரிசையில் நின்றன. ஆட்கள் சில நாள் வந்து ஏசிவிட்டு, வேறு தளங்களுக்குப் போய்விட்டார்கள்.

யுத்தம் முடிந்துவிட்டதென்று தொலைக்காட்சியில் சொன்ன வைகாசி மாதத்தில், அதே கிழமையில், கதிர்காமனின் கொலை வழக்கு விசாரணைக்கு எடுக்கப்பட்டது. கல்முனைத் தெருவில் சீனவெடி கொளுத்தினார்கள். நீதிமன்ற விறாந்தையில் வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்த குஞ்சம்மா ஒவ்வொரு வெடிக்கும் திடுக்கிட்டாள். ஸுலைஹா கொஞ்சம் தள்ளி நின்றாள். கிட்டப் போகத் தைரியம் வரவில்லை. குஞ்சம்மாதான் கூப்பிட்டாள்.

“இஞ்ச வாங்க தங்கச்சி. இரிங்க.”

இருந்தாள்.

“தர்சினி வாசிச்சுக் காட்டினவள், நீங்க எழுதினத்த. எங்கட மகள்,” என்றாள் குஞ்சம்மா. “இவர் உங்கட ஆக்கள எடுத்ததெல்லாம். எங்களுக்குக்கூட இவ்வளவு சொன்னதில்ல. ஒவ்வொரு இடமும் சரியா எழுதியிருந்தீங்க.”

“ஓம் அக்கா.”

“எல்லாம் மெய்தானே?”

“மெய்.”

“பிறகு ஏன் அதுக்கு அடியில பொய்ய வெச்சீங்க?”

ஸுலைஹா தன் கையைப் பார்த்தாள். விரல்கள் இன்னும் முழுதாக மடங்குவதில்லை.

“பயந்திட்டன்,” என்றாள். “மெய்ய ஒருத்தரும் ஏத்த மாட்டாங்க எண்டு பயந்திட்டன்.”

மன்னித்ததாகக் குஞ்சம்மா சொல்லவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சற்று நேரத்தில் உள்ளேயிருந்து ஸுலைஹாவின் பெயரைக் கூப்பிட்டார்கள்.

கூண்டில் றஸாக் மெலிந்து, தாடி வளர்ந்து நின்றான். அவளைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டான். கடற்கரையில் துடுப்பால் அடித்தவரை இந்த மன்றில் அடையாளம் காட்ட முடியுமா என்று கேட்டார்கள்.

“ஓம்,” என்றாள் அவள். “என்ட தம்பி.”